கட்டிலோடு கஜானாவுக்கு

சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் திருவிதாங்கூர்ச் சீமையில் பென்ஷனுக்கு அடுத்தூண் என்று பெயர். மாதப் பிறப்பில் நாகர்கோவில் கஜானாவுக்கு நேரில் போய், உயிரோடு இருக்கிறோம் என்று முகம் காட்டினால்தான் அது கைக்கு வரும். ஓய்வு பெற்ற வாத்தியார்களுக்கு ஒரு சங்கம் இருந்தது, போலீஸ்காரர்களுக்கு ஒன்று, பியூன்களுக்கு ஒன்று. ஒரு சங்கத்தான் விரித்த பாயில் மற்ற சங்கத்தான் உட்கார மாட்டான். பெண்களுக்கு எதிலும் இடமில்லை.

முட்டத்தில் ஒரு பழைய கான்ஸ்டபிள் பக்கவாதத்தில் விழுந்தார். அவர் பெண்ஜாதிக்குப் பிரசவம் பார்த்தவள் நான்தான். அவள் அவரை மாட்டுவண்டியில் கிடத்திக் கொண்டுபோயிருக்கிறாள். ஆள் படியேறி வந்து தன் முன்னால் நிற்க வேண்டும் என்று சொல்லிக் கஜானா அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த மாதமும் அதே கதை. அன்றைக்கு அவள் நேராக என் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை.

"அக்கா, உயிரோட கெடக்க மனுசன செத்தவன்னு ஆக்கிட்டானுவ. நான் தாலியக் கழத்தணுமா வேண்டாமான்னும் அவனுவகிட்டயே கேக்கட்டா?"

போலீஸ் சங்கத்தார் மனு கொடுத்துப் பார்த்தார்கள், பதிலே இல்லை. நான் வாத்தியார் சங்கத் தலைவரிடம் போனேன்.

"அது போலீஸ்காரன் சமாசாரம். நமக்கு என்னத்துக்கு?" என்றார்.

"இன்னைக்கு அவருக்குக் கால் விழுந்துது. நாளைக்கு ஒங்களுக்கு விழாதுன்னு சாமிகிட்ட எழுதி வாங்கியிருக்கியளா?"

அவர் முகம் கறுத்துப்போயிற்று. ஆனாலும் கூட்டத்துக்கு வந்தார்.

கூடுவதற்கு இடம் தந்தவர் கோட்டாற்றில் மிளகு வியாபாரம் செய்த ஒரு சாயபு. அவருடைய பண்டகசாலையில் பாயே கிடையாது. மூன்று சங்கத்தாரும் மூட்டைகள் மேல்தான் உட்கார்ந்தார்கள். ஆளைக் கட்டிலோடு கஜானாவுக்குத் தூக்கிப் போகலாமா என்ற பேச்சு நீண்டு, கலைந்து போகிற நேரத்தில் ஒரு பழைய பியூன் எழுந்தார்.

"அந்தக் கான்ஸ்டபிள் சுசீந்திரம் தேரோட்டத்துல நாலு பேரு முன்னால என்னைக் கன்னத்துல அடிச்சவன்."

போலீஸ் சங்கத்தார் தரையைப் பார்த்தார்கள்.

"அத நான் மறக்கல, மறக்கவும் மாட்டேன். அதுக்காவ அவனுக்க சோத்துல மண்ணு விழணுமா? கட்டிலுக்க ஒரு பக்கம் நான் பிடிக்கேன்."

கான்ஸ்டபிளுக்குக் கொடுக்காமல் ஒருவரும் கையெழுத்துப் போட்டு அடுத்தூண் வாங்குவதில்லை என்று அங்கேயே முடிவாயிற்று.

மாதம் பிறந்தது. கட்டிலைச் சுமந்துகொண்டு போய்க் கஜானாப் படிக்கட்டின் கீழே இறக்கினோம். அதிகாரி வாசலுக்கு வந்தார்.

"என்ன கூட்டம் இது? அடுத்தூண் என்பது மகாராஜா கொடுக்கும் தர்மம். தர்மம் வாங்க வருகிறவர்கள் பணிவாக வரவேண்டும்."

நான் முன்னால் போனேன். "தர்மம் இல்ல சாரே, நாங்க பாடுபட்டதுக்குள்ள கூலி. மழையில ஆளனுப்பிக் கூப்பிட்டப்பல்லாம் ஓடி வந்து பிள்ளை எடுத்த கை இது. பிச்சை எடுத்த கை இல்ல."

அவர் உள்ளே போய் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடச் சொன்னார். முதல் பெயர் ஒரு கிழட்டு வாத்தியாருடையது. அவர் வீட்டில் அடுப்பெரிவதே இந்த அடுத்தூணை நம்பித்தான். அவர் எழுந்தபோது, கையெழுத்துப் போடத்தான் போகிறார் என்று நினைத்தோம். மேல்துண்டை உதறிப் படியில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எந்தப் பெயருக்கும் யாரும் அசையவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறியபோது அதிகாரியே படியிறங்கிக் கட்டிலருகே வந்தார். கான்ஸ்டபிள் நல்ல கையை நெற்றிக்குத் தூக்கி ஒரு சல்யூட் அடித்தார். கேலியா, பழக்கதோஷமா, எனக்கு இன்றுவரை தெரியாது. நின்றுபோன அடுத்தூண் முழுதும் அன்றே கிடைத்தது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு டாக்டர் சீட்டு போதும் என்ற உத்தரவும் பிறகு வந்தது.

மூன்று சங்கங்களும் ஒன்றாயின. முதல் கூட்டத்தில் காரியதரிசி, பெண்கள் விருந்தினராக வரலாம் என்றார். "விருந்தாட எனக்கு நேரமில்ல, என்னை அங்கத்தினராச் சேருங்க" என்றேன். பழைய பியூன்தான் முதலில் கைதூக்கினார்.

அந்த மழைக்காலத்தில் கான்ஸ்டபிள் இறந்துபோனார். அவர் பெண்ஜாதிக்கு அடுத்தூண் கிடையாது, சட்டத்தில் இடமில்லை என்றார்கள். அப்படியானால் சட்டத்தை மாற்றுங்கள் என்றோம். சிரித்தார்கள். அடுத்த மாதப் பிறப்பில் அவளையும் கூட்டிக்கொண்டு எல்லாருமாக மறுபடி கஜானாவுக்குப் போனோம்.