மணியாச்சி வரைக்கும் மூன்று டிக்கெட்

என் கணவர் திருநெல்வேலியில் ஒரு பெரிய வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். பாம்பனில் ரயில் பாலம் கட்டி முடிக்காத காலம் அது. கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை விட்ட அன்று, வக்கீல் குடும்பத்தோடு மலைக்குப் புறப்படும்போது இவரைப் பார்த்து, "நீரும் எங்கயாவது போயிட்டு வாரும்வே" என்று சொல்லிவிட்டார். வக்கீல் சொன்னால் இவருக்கு அது உத்தரவு. வீட்டுக்கு வந்து, தலைப்பாகையை ஆணியில் மாட்டிவிட்டு, "எங்க போவோம்?" என்று என்னைக் கேட்டார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி என்று சொல்ல மாட்டேன். சோறு ஆச்சா என்று தினமும் கேட்பார். பதில் தெரியாமல் கேட்டது அதுதான் முதல்.

"தீவுக்குப் போவோம்" என்றேன்.

எனக்குப் பிறந்த ஊர் அம்பாசமுத்திரம். அங்கே ஆற்று நடுவில் ஒரு பாறைத் திட்டு உண்டு. கோடையில் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் ஏறிவிடலாம். சின்னப் பிள்ளையில் ஒருநாள் தனியாகப் போய் அதில் நின்றேன். நான்கு பக்கமும் தண்ணீர். கரையில் நின்று அம்மா கூப்பிட்டது வாயசைவாகத் தெரிந்ததே தவிர, காதில் விழவில்லை. திரும்பி வந்ததும் அடி விழுந்தது. அதற்குப் பிறகு யாரும் கூப்பிட்டால் காதில் விழாத இடம் எதிலும் நான் இருந்ததில்லை. தம்பியின் பூகோளப் புத்தகத்தில் இலங்கை மாங்காய் மாதிரி, சுற்றிலும் நீலமாக இருந்தது. அது போதும் என்று நினைத்திருந்தேன்.

இவருக்குச் சென்னைப் பட்டணத்தின் மேல் ஆசை. பதினோரு வருஷமாக அங்குள்ள ஐகோர்ட்டுக்கு அப்பீல் காகிதங்களை நகல் எடுத்து அனுப்புகிறவர். அவை போய்ச் சேரும் கட்டடத்தை ஒருதரம் பார்க்கவேண்டும் என்றார். நியாயம்தான்.

இதற்குள் மதினி அடுக்களையிலிருந்து வந்தார். மதினி என்றால் இவருடைய அக்கா. கணவர் இறந்தபின் எங்களோடு இருந்தவர். "நான் மயிலாப்பூர் சிவன் கோயிலுக்கு வாரேன்" என்றார். அவரை யாரும் கூப்பிடவில்லை. அவரிடம் அதைச் சொல்லவும் ஆள் இல்லை.

"ஏளா, ராவணன் இருந்த ஊர்ல ஒனக்கு என்ன சோலி?" என்று என்னைக் கேட்டார்.

"அவன் செத்து எவ்வளவோ காலம் ஆச்சே, மதினி."

"ஆளு போனா போச்சா? ஊரு அங்கனதான கெடக்கு!"

நான்கு நாள் இந்தப் பேச்சு நடந்தது. இவர் நான் சொன்னதற்கும் "ஆமா" என்றார், அக்கா சொன்னதற்கும் "ஆமா" என்றார். கோர்ட்டில் இரண்டு கட்சி வாதத்தையும் எழுதிப் பழகிய கை. நானும் மதினியும் சண்டையை நிறுத்தாமலே சேர்ந்து முறுக்கு சுட்டோம், புளியோதரை கட்டினோம். எந்த ஊருக்குப் போனாலும் சாப்பாடு ஒன்றுதானே. புறப்பட்ட அன்று ஸ்டேஷனில் இவர் டிக்கெட்டோடு வந்தார். மூன்று டிக்கெட். மூன்றும் மணியாச்சி வரைக்கும்தான்.

மணியாச்சியில்தான் பாதை பிரிகிறது. ஒரு வண்டி தூத்துக்குடிக்குப் போகும். அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். இன்னொன்று மதுரை வழியாகப் பட்டணத்துக்குப் போகும். "அங்கன போயி முடிவு பண்ணிக்கிடுவோம்" என்றார்.

மணியாச்சியில் ஊர் என்று சொல்ல ஒன்றும் கண்ணில் படவில்லை. கரிசல், உடைமரம், வெயில். பட்டணத்து வண்டி முதலில் வந்தது. மதினி எழுந்தார், நான் எழவில்லை. இவர் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு வண்டி வரைக்கும் போனார், திரும்பிப் பார்த்தார், திரும்பி வந்தார். வண்டி போய்விட்டது. அடுத்த வண்டிக்கு நேரம் கேட்க ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனார், மறுபடி வந்தார், சந்தேகம் தீராமல் மறுபடி போனார். இப்படி மத்தியானம் வரைக்கும் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தபடியே இருந்தார்.

நாங்கள் உட்கார்ந்திருந்த வேப்பமர நிழலுக்கு ஒரு தம்பதி வந்தார்கள். கொழும்பு செட்டியார் தெருவில் கடை வைத்திருக்கிற அண்ணாச்சியும் அவர் சம்சாரமும். ஊரில் ஒரு கல்யாணத்துக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த அக்காவும் மதினியும் முறுக்கு ஒன்று தீருமுன் உறவு கண்டுபிடித்துவிட்டார்கள். பிறகு அக்கா சொன்னார்: "எங்க தெருவுக்குப் பக்கத்துல சிவன் கோயில் இருக்கு. கல்லுல எடுத்துக் கட்டுதாவ. நம்ம பக்கத்து ஆசாரிமாருதான் செய்யுதாவ. வந்து பாத்துட்டுப் போனா என்ன?"

மதினி கையிலிருந்த முறுக்கைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, நான்தான் தடுத்துக்கொண்டிருந்த மாதிரி, "சிவன் இருக்காராம்லா. இத மொதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு நேரம் வெயில்ல கெடப்போமா?" என்றார்.

இவரிடம் போய்ச் சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. "ஆமா" என்றார்.

தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. கடல் ஆழமில்லை. சின்ன நீராவிப் படகில் ஏற்றி, தூரத்தில் நிற்கிற கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். அதற்கு முன் டாக்டர் பார்ப்பார். பிளேக் பயம் இருந்த காலம். பெண்களுக்குத் தனி அறை, ஒரு நர்ஸ் அம்மாள். ஒரே மாதிரி இருந்த இரண்டு பெட்டியில் ஒன்றை நாங்கள் தூக்கிக்கொண்டோம், மற்றது இவரிடம். அவள் எங்கள் நாக்கைப் பார்த்து, கையைப் பிடித்துப் பார்த்து, வேறொரு வாசல் வழியாக வெளியே விட்டாள். அது நேரே படகில் கொண்டு விட்டது. ஆண்கள் ஒவ்வொருவராக வந்து ஏறினார்கள். அண்ணாச்சி ஏறினார். படகில் கூட்டம், இவரும் எங்கேயாவது இருப்பார் என்று நினைத்தேன். படகு நகர்ந்தபோதுதான் இவர் படகுத்துறைப் பாலத்தின் நுனியில் நிற்பது தெரிந்தது. கையை ஆட்டினார்.

"தம்பி யாருக்கோ கையக் காட்டுதான்" என்றார் மதினி.

எங்களுக்குத்தான் காட்டினார். மணியாச்சி வெயில் அவருக்குக் காய்ச்சலாக ஏறியிருந்தது. டாக்டர் கண்ணாடிக் குச்சியை வைத்துப் பார்த்துவிட்டு, ஐந்து நாள் பிளேக் கொட்டகையில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது தண்ணீரும் அதற்கப்பால் சிறியதாகிக்கொண்டே போன ஒரு தலைப்பாகையும்தான். "படக நிறுத்துங்க, படக நிறுத்துங்க" என்று கத்தினேன். படகு யாருக்காகவும் நிற்கிற படகு இல்லை. அழுதேன். அண்ணாச்சி, "நாளைக்குக் கப்பல்ல வந்துருவாரு தங்கச்சி, நாங்க இருக்கம்லா" என்றார். கப்பல் கடல் நடுவில் போகப் போக எனக்கு ஒன்றும் செய்யவில்லை. மதினிதான் வாந்தி எடுத்தபடியே ராவணனைத் திட்டிக்கொண்டு வந்தார்.

கொழும்பில் இறங்கி அவர்கள் வீட்டில் பெட்டியைத் திறந்தால் உள்ளே முழுக்க இவருடைய வேட்டியும் சட்டையும். எங்கள் சேலைகள் தூத்துக்குடியில் இவரோடு இருந்தன. அக்கா தம் சேலையைக் கொடுத்தார். மறுநாள் கடைக்குத் தந்தி வந்தது. கடைக் கணக்கப்பிள்ளை படித்துச் சொன்னார்: "சுகம். ஐந்து நாள் காவல். சேலை என்னிடம்."

நான் பார்க்க வந்த தீவை மூன்று நாள் தேடினேன். துறைமுகம் இருந்தது, டிராம் வண்டி இருந்தது, நெடுக்கக் கடைகள் இருந்தன. கடல் ஒரே பக்கம்தான் இருந்தது. "தீவு எங்க இருக்கு?" என்று அக்காவைக் கேட்டேன். "இதுதான்ளா" என்றார். மதினி கோயிலுக்குக் காலையும் மாலையும் போனார். அக்கா வீடு சைவம். ஆனால் பக்கத்து வீட்டிலிருந்து வந்த தேங்காய்ச் சம்பல் மதினிக்கு ரொம்பப் பிடித்து, மூன்று வேளை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதில் மாசிக் கருவாடு இடித்துப் போட்டிருப்பது நான்காம் வேளை தெரிந்தது. குளித்துவிட்டு வந்து என்னிடம், "தெரியாம செஞ்சது தோஷம் இல்ல. தம்பிட்ட சொல்லாத" என்றார். சொல்லவில்லை.

ஆறாம் நாள் அக்கா எங்களை ஊருக்குள் இருக்கிற ஏரியில் படகில் கூட்டிப்போனார். நடுவில் ஒரு திட்டு, ஐந்தாறு தென்னை. நான் மட்டும் இறங்கினேன். படகு சும்மா ஒரு சுற்றுப் போயிற்று. நான்கு பக்கமும் தண்ணீர். யாரும் கூப்பிடவில்லை. அரைமணி நேரம் நின்றேன். முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகு, கொட்டகையில் இவருக்கு ரசம் யார் வைத்துக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். பிறகு பசித்தது.

அன்று சாயங்காலம் அடுத்த தந்தி. "விட்டார்கள். பட்டணம் போகிறேன்."

மதினி அதை இரண்டு தரம் படிக்கச் சொன்னார். "புத்தி கெட்டுப் போச்சா அவனுக்கு?" எனக்குக் கோபம் வந்தது. மூன்று நாள் கழித்து, அண்ணாச்சியின் மைத்துனர் குடும்பத்தோடு நாங்கள் ஊர் திரும்பினோம். இவர் அதற்கு மறுநாள் வந்தார். பெட்டியில் எங்கள் சேலைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. ஒரு சட்டை மட்டும் புதிது.

"எங்களத் தேடி ஏன் வரல்ல?" என்று கேட்டேன்.

"கப்பலுக்கு மறுபடி டாக்டர் பாப்பானாம். ரயிலுக்குப் பாக்கல" என்றார்.

அந்தப் பதிலில் எங்கே சண்டை பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஊரில் கேட்டவர்களுக்கு, எல்லோரும் சேர்ந்து போய்வந்ததாகச் சொன்னோம். எங்கே என்பதில்தான் மாற்றி மாற்றிச் சொல்லும்படி ஆயிற்று.

"பட்டணத்துல என்ன இருந்துச்சு?" என்றேன் ஒருநாள்.

"துறைமுகம். டிராம். கடை கடையா இருக்கு. ஐகோர்ட்டு சிவப்பா, பெருசா இருக்கு. உள்ள விடல்ல, விடுமுறை."

தலைப்பாகையை அவிழ்த்து மடித்தபடி, "சாயங்காலம் கடற்கரையில போயி உக்காந்திருப்பேன். நல்லாத்தான் இருந்துச்சு. இந்தா பாருன்னு சொல்லத்தான் ஆளில்ல" என்றார்.

நான் வெற்றிலை மடித்துக் கொடுத்தேன். மென்றபடி, நான் முன்பே சொல்லியிருந்த அந்த ஏரித் திட்டில் எத்தனை தென்னை என்று கேட்டார். ஐந்து என்றேன். ஆறாகவும் இருக்கலாம்.