முட்டி மெக்கானிக்

ஹாலிலிருந்து "ம்ம்ம்ம்" என்று ஒரு முனகல் வந்தது. வயிற்றுவலிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது போல, விடாமல், ஒரே சீராக. அக்காவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு சமையலறையிலிருந்து ஓடினேன். அக்கா சும்மாதான் நின்றுகொண்டிருந்தாள். ஸ்டீரியோ மேஜைக்கு அடியில் ஒரு மனிதர் பாதி உடம்பை நுழைத்திருந்தார். வெளியே தெரிந்தது இரண்டு பாதங்களும், முழங்காலில் தோல் வைத்துத் தைத்த ஒரு பேன்ட்டும்தான்.

வாயில் கவ்வியிருந்த டார்ச்சை எடுத்துவிட்டு அவர் தலையை நீட்டினார். "பயப்படாதீங்கக்கா. ரெண்டு பேரும் தனித்தனி ப்ளக்குல கரண்ட் குடிக்கிறாங்க, அதான் இந்த முனகல். ஒரே தட்டுல சோறு போட்டா அடங்கிடுவாங்க."

பழைய ஸ்டீரியோவையும், அடிச்சத்தத்துக்கென்றே இருக்கும் புது சப்வூஃபர் பெட்டியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினார். முனகல் நின்றது.

கடைத்தெருவில் அவருக்குப் பெயர் முட்டி. பாதி வேலையை முட்டி போட்டுத்தான் செய்கிறார் என்பதால் வந்த பெயர். ஐம்பது வயதிருக்கும். தொப்பை இருக்கிறது, மூச்சு வாங்குகிறது, ஆனால் தரையில் இறங்கிவிட்டால் பல்லி மாதிரி ஓடுகிறார். ஒயர்களோடு பேசுவார். "வாடா தங்கம், வா, எங்க ஒளியறே?" என்று கொஞ்சுவார். மேலே இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களும் அவருக்கு அண்ணன்மார்கள். கீழே உட்காரும் சப்வூஃபர் தம்பி. "தம்பி இருக்கான்னு தெரியணும், தம்பி பேசக் கூடாது. தம்பி பேசினா வீட்டுல சண்டை." அவர் வீட்டில் ஸ்டீரியோ உண்டா என்று கேட்டேன். "ஐயோ அக்கா, எங்க வீட்டம்மா ஒருத்தியே ஆயிரம் வாட்டு" என்றார்.

அக்காவின் ஸ்டீரியோ பழசு. சப்வூஃபரை மாட்டுவதற்கென்று தனி ஓட்டை அதில் கிடையாது. ஸ்பீக்கருக்குப் போகும் இடத்திலேயே இன்னொரு ஜோடி ஒயரை முறுக்கிக் கொண்டுவந்தார். "சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. மாத்திக் குடுத்துட்டா அண்ணன் தள்ளுவான், தம்பி இழுப்பான். ரெண்டு பேர் சத்தமும் ஒண்ணையொண்ணு தின்னுட்டுப் போயிடும்."

முடித்துவிட்டு அக்காவைப் பார்த்து, எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வியைக் கேட்டார். "என்ன கேப்பீங்கம்மா? படமா, பாட்டா? படம்னா இடி இடிக்கணும். பாட்டுன்னா வேற மாதிரி வெக்கணும்."

"என் பையன் குரல்" என்றாள் அக்கா.

போன வருடம் லாரி மோதி இறந்துபோனான் அவளுடைய ஒரே மகன். இந்த ஸ்டீரியோ அவன் வாங்கியது. மீசை அரும்பும் முன்பே அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. 'அண்டாவுக்குள்ள தலையை விட்டுப் பேசறான் பாரு' என்று வீடே கேலி செய்யும். அவன் வீட்டுக்குள் நுழைந்து "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டால் அலமாரிக் கண்ணாடி அதிரும். இப்போது மிச்சமிருப்பது அக்காவின் போனில் தானாகப் பதிவாகியிருந்த ஒரே ஒரு அழைப்பு. அதில் அவன் குரல் தகரத்தை உரசுவது போல மெலிந்து கிடந்தது. "இது யாருடி? என் பிள்ளை இப்படியா பேசுவான்? போகப் போக இந்தக் குரல்தான் ஞாபகத்துல நிக்குது. நிஜக் குரல் மறந்துபோயிடும்டி எனக்கு" என்று அழுதவளிடம், 'சப்வூஃபரை மாட்டினால் குரல் ஆழமாகக் கேட்கும்' என்று எந்தக் கடைக்காரனோ சொல்லியிருக்கிறான். வாங்கி வந்துவிட்டாள்.

 முட்டி கனமான அந்தப் பெட்டியைத் தூக்கி, அக்கா வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்காரவைத்தார்.

"ஏங்க, அது நான் உக்கார்ற இடம்!"

"தெரியும்மா. உங்க இடத்துல அது கொஞ்ச நேரம் இருக்கட்டும். அது இருக்க வேண்டிய இடத்தை நான் தேடறேன். பெட்டி நாற்காலியில இருக்கிறப்போ எந்த மூலையில எனக்கு நல்லாக் கேக்குதோ, அந்த மூலையில வெச்சா நாற்காலியில உங்களுக்கு நல்லாக் கேக்கும்."

ஒரு தாளச் சத்தத்தை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ ஆரம்பித்தார். ஓரிடத்தில் காதைத் தரையோடு சாய்த்தார். உதட்டைப் பிதுக்கி நகர்ந்தார். ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவே வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். "இங்கதான்."

பெட்டி அங்கே போனது. உடனே சுவரில் ஏதோ கிடுகிடுத்தது. மகனின் படம். அதன் சட்டத்துக்குப் பின்னால் சின்ன ஸ்பாஞ்சுத் துண்டை வைத்து, படம் நேராக இருக்கிறதா என்று எட்டி நின்று பார்த்தார். பிறகு பெட்டிக்குப் பின்னால் இருந்த குமிழைத் திருகினார். "வழக்கமா குரல் பெட்டிக்குப் போகாத மாதிரிதான் வெப்பேன். இன்னிக்குத் தம்பியும் பேசட்டும்."

அக்கா போனை ஒயரில் மாட்டினாள். "அம்மா, வர லேட்டாகும், நீங்க சாப்பிட்டுடுங்க…" அதே தகரக் குரல். முட்டி குனிந்து பெட்டியின் முகத்தில் உள்ளங்கையை வைத்தார். இன்னும் திருகினார். மறுபடி வைத்துப் பார்த்தார். அது துளிகூட அசையவில்லை.

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிவுக்கு நிற்கும் பிள்ளை மாதிரி.  நான் அவர் பக்கம் குனிந்து, "நல்லா வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்" என்று கிசுகிசுத்தேன்.

"அக்கா, அது பெத்தவ காது. அதுகிட்ட எப்படிப் பொய் சொல்றது?"

அக்காவிடம் நேராகவே சொன்னார். "அம்மா, போன் பேச்சுல அடிக்குரலை வெட்டிட்டுத்தான் அனுப்புவாங்க. இதுல உங்க பையன் பாதிதான் இருக்காரு. இல்லாததை இந்தப் பெட்டியால கொண்டுவர முடியாதும்மா."

அக்கா அழவில்லை. அது பொங்கும் அழுகையை விடக் கொடுமையாக இருந்தது. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, புடவை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "அப்போ முழுசாப் போயிட்டான்" என்றாள்.

முட்டி ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டார். போட்டதை மறுபடி வெளியே எடுத்தார். "போன்ல பேசினது வேணாம். பக்கத்துல நின்னு நேராப் பேசினது எதுலயாவது இருக்கா? வேற யாரையாவது எடுத்த வீடியோவா இருந்தாக்கூடப் போதும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மகளின் பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு இதே ஹாலில் அவன்தான் வீடியோ எடுத்தான். அவன் முகம் அதில் இருக்காது என்பதால் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. என் போனில் தேடி எடுத்து, ஒயரில் மாட்டினேன்.

மகள் பேசுகிறாள். திணறுகிறாள். இருமுகிறாள். அப்புறம், காமிராவுக்குப் பின்னாலிருந்து, ஜன்னலோரம் நின்று பேசுவது போல முழுசாக, கனமாக, அந்த அண்டாக் குரல்:

"நிறுத்து குட்டி, தொண்டை காஞ்சுபோச்சு உனக்கு. அம்மா! கொஞ்சம் தண்ணி கொண்டாங்களேன்!"

"இதோ கொண்டாறேன்டா" என்றாள் அக்கா.

சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வீடியோ முடிந்துவிட்டது. டம்ளர் தளும்ப வந்தவள் ஹாலின் நடுவே நின்றாள். ஜன்னலைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தத் தண்ணீரை யாரிடம் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

தரையில் இருந்த முட்டி பீரோவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவள் எதிரே வந்து இரண்டு கைகளையும் நீட்டி டம்ளரை வாங்கினார். கடைசிச் சொட்டு வரை குடித்தார். காலி டம்ளரை அவள் கையில் வைத்து, "போதும்மா" என்றார். பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது.