திரையில் நடந்த பூனைக்குட்டி

திருத்தணி பஸ் ஸ்டாண்டு எதிரில் லேப்டாப் பழுது பார்ப்பவர் அவர். நெற்றி நிறைய விபூதி. எந்த மெஷினைத் தொடுவதற்கு முன்பும் கையை வேட்டியில் ஒருமுறை துடைத்துக்கொள்வார்.

மறுநாள் என் மகளுக்கு வேலைக்கான இன்டர்வியூ. அவள் புரோகிராம் எழுதும் திரை முழுக்க ரோஸ் நிறம், பூக்கள், ஓரத்தில் ஒரு பூனைக்குட்டி. அங்கே பார்க்கிற ஆண்கள் சிரிப்பார்களே என்ற பயத்தில், அவள் குளிக்கப் போனபோது நான் அதையெல்லாம் அழித்தேன். அவளுடைய புராஜெக்டும் சேர்ந்து போய்விட்டது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

"முழுசா போவலம்மா," என்று அவர் மீட்டுக் கொடுத்தார்.

"அந்தப் பூனைய மட்டும் எடுத்துடுங்கண்ணா."

"அதாம்மா புராஜெக்டே. புரோகிராம தப்பா எழுதினா பூனை உக்காந்துக்குது. சரியா எழுதினா நடந்துகினே இருக்குது. எல்லாம் பாப்பா எழுதினது." சற்றுத் தயங்கினார். "என் கம்ப்யூட்டர்லயும் போட்டுக்கலாமான்னு பாப்பாவ கேட்டுச் சொல்றீங்களா?"

வீட்டில் மகளிடம் அதை அப்படியே சொன்னேன். காலையிலிருந்து என் முகத்தைப் பார்க்காதவள் நிமிர்ந்தாள்.

"எந்தக் கலர்ல வேணுமாம்?"

அதைக் கேட்டுவர மறந்திருந்தேன். ரோஸ் என்று சொல்லிவிட்டேன். அவரை நினைத்தால் அப்படித்தான் தோன்றியது.