எண்பது வழக்குக்கும் பத்தரை மணி

செய்தி வந்தபோது காலை பத்து இருபது. குடும்ப நீதிமன்றத்தின் படிக்கட்டில் சித்தப்பா சரிந்து விழுந்துவிட்டார், மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்று அங்கிருக்கும் தட்டச்சர் சொன்னார். பத்தரைக்கு நீதிமன்றம் வழக்கம்போலக் கூடியது. ஒரு நிமிடம் எழுந்து நின்றார்களாம். குடும்பங்களுக்காகவே ஏற்பட்ட இடமல்லவா, அவ்வளவு மனசாவது இருக்கும்.

சித்தப்பாவின் வேலை பெயர் கூப்பிடுவது. வாசலில் நின்று மூன்று முறை கூப்பிட வேண்டும். ஆள் வந்தால் விசாரணை, வராவிட்டால் தள்ளுபடி. இருபத்திரண்டு வருடம் இதைச் செய்தார். வீட்டில் சித்தி சாப்பிடக் கூப்பிட்டால் இரண்டு முறை அசையமாட்டார்.

"இன்னும் ஒரு தடவை பாக்கி இருக்கு."

"அதுக்கப்புறம் தள்ளுபடிதான். தட்டைக் கழுவி வச்சிடுவேன்."

அந்த நீதிமன்றத்தில் ஒரு நாளைக்கு எண்பது வழக்குகள். எண்பதுக்கும் ஒரே நேரம், பத்தரை. கைக்குழந்தைக்காரி, விடுப்புக்குக் கெஞ்சி வந்தவன், எல்லோரும் நாலு மணி வரை நடைவழியில் காய வேண்டும். யார் முகத்தில் விழிக்கக் கூடாது என்று வழக்குப் போட்டார்களோ, அவர்களுக்கு நேர் எதிர்ப் பெஞ்சில். கடைசியில் கிடைப்பது இன்னொரு தேதி. பல் பிடுங்குகிறவர்கூட நேரம் குறித்துத்தான் வரச் சொல்கிறார்.

பட்டியலைப் பார்த்தாலே எந்த வழக்கு எப்போது வரும் என்று சித்தப்பாவுக்குத் தெரியும். முதல் நாள் சாயங்காலமே போன் செய்துவிடுவார். "நீங்க ரெண்டரைக்கு வந்தா போதும்மா. புள்ளைக்குச் சோறு ஊட்டிட்டு வாங்க." யாரும் சொல்லிச் செய்த வேலையில்லை. அந்தக் கட்டடத்தில் நடந்த ஒரே சீர்திருத்தம் அதுதான்.

மனைவியைப் பிரிந்த ஒரு தையல்காரர் இருந்தார். ஆறு வயது மகளைச் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் பார்க்க இடைக்கால அனுமதி. பார்ப்பது நீதிமன்றத்தின் குழந்தைகள் அறையில். சுவரில் சிரிக்கும் சூரியன், காலொடிந்த மரக்குதிரை, கதவருகே காவலர். அப்பாவை ஜெயிலில் போட்டிருக்கிறார்கள் என்றே அந்தக் குழந்தை நம்பியது. பூங்காவுக்குக் கூட்டிப்போக அனுமதி கேட்டார் தையல்காரர். மனைவியும் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். சம்மதித்த இரண்டு பேரைச் சம்மதிக்க வைக்க, ஆலோசகரிடம் நாலு முறை போகச் சொன்னது நீதிமன்றம். ஆலோசகர் நாற்காலி எட்டு மாதமாகக் காலி.

அப்போதுதான் சீர்திருத்தக் குழு பார்வையிட வந்தது. சுறுசுறுப்பைக் காட்ட நீதிபதி பட்டியலை விரட்டினார். இரண்டரைக்கு வர வேண்டிய தையல்காரர் வழக்கு பதினொன்றேகாலுக்கே வந்துவிட்டது. கணவன், மனைவி இருவரையும் மதியம் வரச் சொன்னது சித்தப்பா. போன் போட்டார், யாரும் எடுக்கவில்லை. பெயரை இழுத்து இழுத்துக் கூப்பிட்டார். தெருவாசல் வரை போய்க் கூப்பிட்டுத் திரும்பினார்.

"என்னய்யா, பாட்டா பாடுற?" என்றார் நீதிபதி.

"ஐயா, அவங்க மத்தியானம் வருவாங்க. நான்தான் வரச் சொன்னேன்."

"நேரம் குறிக்க நீ யாரு? ஜோசியனா?"

குழுவினர் வாய்விட்டுச் சிரித்தார்கள். மூன்றாவது முறையும் கூப்பிட வேண்டியிருந்தது. வழக்கே தள்ளுபடி. அதோடு, வழக்கு நடக்கும்வரை என்று தந்திருந்த சனிக்கிழமை அனுமதியும் போயிற்று.

இரண்டேகாலுக்கே தையல்காரர் வந்தார், புதுச்சட்டை போட்டுக்கொண்டு.

"அண்ணே, கால் மணி முன்னாடியே வந்துட்டேன் பாருங்க."

"உன் கேஸ் போச்சுய்யா. என்னாலதான் போச்சு."

"அப்போ இந்தச் சனிக்கிழமை?"

சித்தப்பா அடுத்த பெயரைக் கூப்பிடப் போனார்.

ஒரே நாளில் எழுபத்தொரு வழக்குகள் முடிந்தன என்று குழுவின் அறிக்கை பூரித்தது. குழந்தைகள் அறைக்கு மேலும் இரண்டு சூரியன்களைப் பரிந்துரைத்தது. தையல்காரரின் மனைவிக்கு மகளைக் காட்ட மனமிருந்தும் அவள் அண்ணன் விடவில்லை. "கோர்ட்டே வேணாம்னுடுச்சு, நீ என்ன பெரிய நியாயஸ்தியா?" என்று தங்கையை அடக்கிவிட்டான்.

வழக்கை மறுபடி எடுக்கக் கேட்க முப்பது நாள் அவகாசம். அவர்கள் வராததற்குக் காரணம் தானே என்று சித்தப்பா இரண்டு பக்கத்துக்குப் பிரமாணப் பத்திரம் எழுதினார். கொடுத்தால் வேலை போகும்.

"ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தானே? வாயை மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா?" என்றாள் சித்தி.

"வாயைத் திறக்கத்தாண்டி இத்தனை வருஷம் சம்பளம் குடுத்தாங்க."

இருபத்தொன்பதாம் நாள், நீதிமன்ற மாடியில் சத்தியப் பிரமாணம் வாங்கும் அதிகாரியிடம் போனார். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் எதிரில் கையெழுத்துப் போட்டால்தான் பத்திரம் செல்லும். வரிசை நகர்ந்து அவர் முறை வர நாலே முக்கால் ஆகிவிட்டது. அதிகாரி ஒவ்வொரு வரியாகப் படித்து முதல் பக்கத்தில் கையெழுத்து வாங்கி முத்திரை வைத்தார். மணி ஐந்தடித்தது. முத்திரையை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டி, "மிச்சம் நாளைக்கு" என்று எழுந்துவிட்டார். மறுநாள் காலை அந்த அறைக்குப் போகத்தான் சித்தப்பா படியேறினார்.

அது முப்பதாவது நாள். இனித் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனுப் போட வேண்டும். அது விசாரணைக்கு வரவே எட்டு மாதம் ஆகுமாம். அதற்கும் பத்தரைக்குத்தான் வரச் சொல்வார்கள். சாட்சி சொல்ல ஆளில்லை, சித்தப்பாவின் சட்டைப்பையிலிருந்த இந்தப் பத்திரம் மட்டும்தான்.

முதல் பக்கத்தின் அடியில் சித்தப்பாவின் கையெழுத்து இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் இல்லை.