கலைக்கா பூசிய கிரீம்

திருமானூரில் ஒரு மணப்பெண்ணுக்குக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தபோது கலைக்காவின் அண்ணன் போன் செய்தார். "கலை போயிடுச்சும்மா. வூட்டுக்குக் கொண்டாந்துட்டோம்." பாதியில் விட முடியாது. பூவைச் சுற்றி முடித்துவிட்டுத்தான் மீன்சுருட்டிக்குப் பஸ் ஏறினேன்.

ஜெயங்கொண்டத்தில் கலைக்காவின் கையால் அலங்காரம் செய்துகொண்டு மணமேடை ஏறியவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். அங்கே அவர் நடத்திய அழகு நிலையத்தில் நான் அவருடன் வேலை பார்த்தேன். "தூங்குற புள்ளயத் தொடுற மாதிரி மொகத்தத் தொடணும்" என்பார்.

பெயர் ஒட்டாத டப்பாவில் வந்த சிவப்பழகு கிரீமைத் தன் முகத்தில்தான் முதலில் பூசிப் பார்த்தார். நிறம் ஏறியது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார், தானும் விடாமல் பூசினார். சில ஆண்டுகள் கழித்துக் கால்கள் வீங்கின. வெயில் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். முகமும் வீங்கிய பிறகுதான் தஞ்சாவூருக்குப் போனோம்.

டாக்டர் அந்த டப்பாவைச் சோதனைக்கு அனுப்பினார். "இதுல பாதரசம் இருக்கும்மா. தோல் வழியா உள்ள போயி கிட்னியக் கெடுக்குதுன்னு இப்ப வர்ற ஆராய்ச்சியெல்லாம் சொல்லுது. சீக்கிரம் நிறுத்துனவங்க நெறைய பேரு தேறிட்டாங்க. நீங்க ரொம்ப நாள் பூசிட்டீங்க."

அதன்பின் டயாலிசிஸ் இல்லாத நாட்களில், கிரீம் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போனார். உடையார்பாளையத்தில் ஒரு தாய் எங்களை வாசலிலேயே நிறுத்தினார். "பொண்ணுக்குக் கல்யாணம் முடியட்டுங்க. அப்புறம் நிறுத்திக்கிறோம்."

"ஒன்னுக்கு டெஸ்டாவது எடுத்துப் பாருங்க" என்று கலைக்கா கெஞ்சினார். கதவு சாத்தப்பட்டது.

பஸ்ஸில் என்னிடம், "கறுப்பா இருந்தா யாரு கட்டிக்குவான்னு கேக்குறாங்க. அதுக்கு எங்கிட்ட பதில் இல்லடி" என்றார்.

மீன்சுருட்டியில் அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். டயாலிசிஸில் முகம் கறுத்திருந்தது. "செக்கச்செவேல்னு இருந்த பொண்ணு, இப்புடிக் கறுத்துப் போச்சே" என்று ஓர் உறவுக்காரி மாரில் அடித்துக்கொண்டு அழுதார். சுற்றியிருந்த பெண்கள் ஆமாம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கடையை இப்போது நான் நடத்துகிறேன். கடையைத் தவிர அவருடையது என்று நான் வைத்திருப்பது ஒரு பேச்சு மட்டும்தான். அந்தக் கிரீமைக் கேட்டு வருகிறவர்களிடம் அவரைப் போலவே, "அது உசுர எடுக்குங்க, வேணாங்க" என்கிறேன். பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறார்கள். பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் போய் வாங்குகிறார்கள்.