களத்தில் நெல், ஏரிக்கரையில் நாங்கள்

எனக்கு எழுத்துக் கூட்டி எழுதத்தான் வரும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள். எது முன்னே நடந்தது, எது பின்னே என்று இப்போது மறந்தும் போகிறது. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரகடம் சாலையில் இன்று கம்பெனி பஸ்கள் போகிற இடத்தில் அன்று ஒரு ரைஸ் மில் இருந்தது. என் மூன்றாவது பிள்ளை தவழ்கிற வயதில் நான் அங்கே களத்து வேலைக்குப் போனேன். அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி, வெயில் ஏற ஏறக் காலால் கிண்டிவிட்டுக்கொண்டே இருக்கவேண்டும். உட்கார முடியாது. நெல் அவிக்கிறது ஒரு அக்கா. ஊரெல்லாம் தூங்கும்போது வந்து, உமி அடுப்பைப் பற்றவைத்து, நாங்கள் வருவதற்குள் அவித்துக் கொட்டியிருப்பாள். கணவர் இல்லை. ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு அந்த அடுப்பை நம்பித்தான் இருந்தாள். எங்களிலே வாய் நீண்டவளும் அவள்தான். அவள் பக்கத்தில் நின்றால் நான் பேசவேண்டியதில்லை என்பதால் அவள் பின்னாலேயே திரிவேன்.

மில்லில் பத்துப் பேர் வேலை செய்தாலே சட்டம் வந்துவிடும் என்பார்கள். அரசாங்கம் சொன்ன கூலி, வார லீவு, கக்கூஸ், குடிதண்ணீர் எல்லாம் கொடுக்கவேண்டுமாம். முதலாளியின் கணக்கில் ஒன்பது பேர்தான். மற்றவர்கள் கிடையாது. ரோட்டோர டீக்கடைக்காரர் இன்ஸ்பெக்டர் ஜீப்பைக் கண்டால் சைக்கிள் மணியை விடாமல் அடிப்பார். உடனே நாங்கள் உமிமேட்டுக்குப் பின்னால் ஓடி, வேலிச் சந்தில் நுழைந்து, ஏரிக்கரையில் போய் உட்காரவேண்டும். மேஸ்திரி வந்து கூப்பிடுகிறவரை தலை காட்டக்கூடாது.

முதலாளி கெட்டவர் என்று சொல்லமாட்டேன். டிரைவர் வராத நாளில் லாரியை அவரே ஓட்டுவார். “பத்து பேருன்னு எழுதினா அத்தினி பேருக்கும் என்னால குடுக்க முடியாதும்மா. பாதி பேரை நிறுத்திடுவேன்” என்று எங்களிடம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். அதனால் ஒளிவது அவருக்காக மட்டும் அல்ல. எங்களுக்கும் பயம்.

ஒரு நாள் மணி அடித்தபோது களம் முழுக்க நெல். கிண்டுவதற்கு இரண்டு பேரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்கள் ஓடினோம். ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். உட்கார்ந்தோம் என்பது சும்மா, ஒருத்தியும் உட்காரவில்லை. எனக்குக் கால் நிற்கவில்லை. மண்ணையே காலால் கிண்டிக்கொண்டிருந்தேன்.

“ஏம்மே, கரையிலயா நெல்லு காயுது?” என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சும்மா இல்லை. நிமிர்ந்து நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். செம்பரம்பாக்கம் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

“இன்னும் இன்னாடி பண்றான் அந்த ஆளு? சோறு துன்னுட்டுத்தான் போவானா?”

களம் நனைந்தால் அன்றைக்குக் கூலி கிடையாது என்பது அங்கே வழக்கம். அவித்த நெல் நனைந்தால் புளித்து நாறிவிடும். போனால் வேலை போகும், போகாவிட்டால் நெல் போகும். மேஸ்திரி வரவே இல்லை. காற்று திரும்பியது. மண்வாசனை வந்தது.

“ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சு அவிச்சதுடி” என்றாள் அக்கா. அவ்வளவுதான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். அவள் பின்னாலேயே திரிகிறவள் நான், நானும் ஓடினேன். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் ஓடி வருகிறார்கள்.

முதல் தூறல் விழும்போது நெல்லைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தோம். இழு, அந்த முனையைப் பிடி, கல்லை வை என்று ஒரே சத்தம். தார்ப்பாய் போட்டு முடித்து நிமிர்ந்தபோதுதான் ஆபீஸ் ரூம் வாசலில் இன்ஸ்பெக்டர் நின்று பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. பக்கத்தில் முதலாளி, கையில் சோடா பாட்டிலோடு.

“நீங்கள்ளாம் யாரும்மா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“மழைக்கு ஒதுங்க வந்தோம் சார்” என்றாள் அக்கா.

“நெல்லைப் போத்திட்டு நீங்க நனைஞ்சுகினு நிக்கிறீங்களே. இதான் ஒதுங்கறதா?”

சிரிப்பு வந்தது. முதலாளியைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் ஒவ்வொருத்தியாக உள்ளே கூப்பிட்டுப் பெயர் எழுதினார். என் பெயரை இரண்டு தடவை கேட்டார், அவ்வளவு மெதுவாகச் சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எல்லாம் வந்தது. கூலி கூடியது. தகரக் கதவு போட்டு ஒரு கக்கூஸ் கட்டினார்கள். அதுவரை வேலிக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த எங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு. ஆனால் முதலாளி சொன்னபடியே சில பேரை நிறுத்தினார். களத்துக்கு இளவயதுக்காரிகள் போதும் என்று என்னை வைத்துக்கொண்டார்கள். பெண்கள் ராத்திரியில் வேலை செய்யக்கூடாதாம், அதுவும் சட்டமாம். அடுப்புக்கு இரண்டு ஆண்கள் வந்தார்கள்.

“நான் அனுப்பலம்மா. சட்டம் அப்பிடி கீது” என்றார் முதலாளி.

“இத்தினி வருஷமா ராத்திரியில அவிச்சது யாரு, உங்க சட்டமாய்யா?” என்றாள் அக்கா. அவர் லாரிப் பக்கம் நடந்துவிட்டார். நானும் நெல்லைக் கிண்டப் போய்விட்டேன்.

முதல் ஞாயிறு லீவில் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சோறு வடித்தேன், பெருக்கிய இடத்தையே பெருக்கினேன், வானத்தைப் பார்த்துப் பார்த்து வந்தேன். மத்தியானம் மேகம் கட்டியதும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்துவிட்டேன். அவள் வாசலில் நின்று வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். செம்பரம்பாக்கம் பக்கம் செங்கல் சூளையில் வேலை கிடைத்துவிட்டதாம். மறுநாள் பெண்ணோடு அங்கேயே குடிபோகிறாளாம்.

“அங்கயும் மழைன்னா ஓட்டந்தான்டி. சுடாத பச்சைக்கல்லு கரைஞ்சுடும். ஆளை எண்ணிப் பாக்கத்தான் ஒருத்தனும் வரமாட்டான்.”

மழை வரவில்லை. மேகம் கலைந்துபோனது. அதன் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

சட்டம் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துச் சொல்லவேண்டும். பத்துப் பேர் என்ற கணக்கு சரிதானா? ராத்திரி வேலை கூடாது என்றால் பகலில் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்க வேண்டாமா? நிறுத்தும்போது கையில் ஏதாவது தரவேண்டும் என்று அதில் எழுதியிருந்ததா? இருந்திருந்தால் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.