கட்டிலடியில் ஒரே பிரதி

ஹாங்காங்கின் ஷாம் ஷுயி போ பகுதியில் முப்பது வருஷம் பஸ் ஓட்டிய லோக்குக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. இருந்ததெல்லாம் பழைய குங்ஃபூ படச்சுருள்கள்தான். கட்டிலடியில் நாற்பத்தோரு தகர டப்பா. எல்லாம் மூன்று நாள் ஓடிப் பெட்டிக்குள் போன படங்கள். ஒருத்தரும் சீந்தாத படம் என்றால் போதும், அவனுக்கு அதுதான் உசத்தி.

அதில் ஒரு படத்துக்கு உலகத்திலேயே வேறு பிரதி இல்லை. ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கேட்டுக் கடிதம் வந்தது. லோக்குக்குத் தலைகால் புரியவில்லை.

கீழ்மாடியில் குடியிருந்த, கூன் என்று பேர் கொண்ட அக்காவும் கேட்டாள். கதாநாயகிகளுக்குப் பதிலாக எத்தனையோ படத்தில் கூரையிலிருந்து விழுந்தவள். தன் முகம் தெரியச் சண்டை போட்டது இந்த ஒரு படத்தில்தான், அதுவும் நாலே நிமிஷம். படம் வெளியான வாரம் வேறொரு படத்துக்குக் குதித்துக் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எழுந்து வருவதற்குள் படம் போய்விட்டது.

"ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்டேன், லோக்."

"மெஷின்ல போட்டா கீறல் விழுந்துடும்க்கா. அடுத்த புது வருஷத்துக்குப் பாப்போம்."

"என்னடா, அடைகாக்கறியா? குஞ்சு பொரிச்சா எனக்கு ஒண்ணு குடு."

இப்படியே பத்தொன்பது புது வருஷம் போயிற்று. என்ன அற்பத்தனம், சொல்லுங்கள். அவள் கேட்டது நாலு நிமிஷம்.

போன வருஷம் அக்காவுக்குக் கண் மங்கத் தொடங்கியது. பார்வை இந்தக் குளிர்காலம் வரைக்கும்தான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அப்புறம்தான் லோக்குக்கு உறைத்தது. ஒரு ஞாயிறு மத்தியானம், புரொஜெக்டர் வைத்திருந்த நண்பன் வீட்டில் அக்காவை உட்காரவைத்து, டப்பாவைச் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்துத் திறந்தான்.

கெட்டுப்போன படச்சுருளின் வினிகர் நெடி மூக்கைத் துளைத்தது. ஹாங்காங் புழுக்கத்தில் சுருள் முழுக்க ஒன்றோடொன்று ஒட்டிக் கருப்பட்டி மாதிரி இறுகிக் கிடந்தது. அவ்வப்போது வெளியே எடுத்து ஓட்டியிருந்தால் காற்றாடிப் பிழைத்திருக்கும் என்றான் நண்பன்.

லோக் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "என்னாலதான்க்கா போச்சு."

அக்கா திட்டவில்லை. மூடியை எடுத்து டப்பாவை மூடினாள்.

"போனது போகட்டும். நீயாவது பாத்திருக்கியே. எப்படிடா இருந்தேன் நான்?"

கீறலுக்குப் பயந்து அவனும் அதை ஒருநாள்கூட ஓட்டிப் பார்த்ததில்லை; தியேட்டரிலும் தவறவிட்டிருந்தான்.

"ரொம்ப நல்லா இருந்தீங்கக்கா," என்றான்.

அக்கா நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"முதல்லேர்ந்து சொல்லு."